பெல் அக்கா ஆபீஸ் மாற்றிய கதை

லிஃப்ட் பராமரிக்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் மொத்தம் பதினோரு பேர். ஆபீஸை இரண்டு தெரு தள்ளி மூன்றாம் மாடிக்கு மாற்றப்போவதாக முதலாளி அறிவித்த அன்றுதான், அதுவரை வாயே திறக்காதவர்களுக்கும் வாய் இருப்பது தெரிந்தது. அத்தனை வாய்க்கும் பதில் சொல்லும் வேலையை பெல் அக்காவின் தலையில் கட்டிவிட்டு, முதலாளி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நீங்க பாத்துக்கங்கக்கா. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று போகிற போக்கில் ஒரு பாராட்டு வேறு. சம்பளத்தில் சேராத வேலை எதுவானாலும் அவர் இந்த வாக்கியத்தோடுதான் அனுப்பிவைப்பார்.

அவளுக்கு பெல் அக்கா என்று பேர் வந்ததற்குக் காரணம் அவள் மேசையில் இருந்த போன். கம்பெனி பார்த்துக்கொள்ளும் இருநூற்றுப் பதினான்கு லிஃப்டுகளிலும் மாடி எண்களுக்குக் கீழே மணி படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் அதை அழுத்துவார், உடனே அக்காவின் போன் அடிக்கும். அந்தப் பொத்தானுக்கு அந்த ஓர் எண்ணைத் தவிர உலகத்தில் வேறு எண் தெரியாது. பகலில் அக்கா எடுப்பாள், ஆறு மணிக்கு மேல் டியூட்டி மெக்கானிக் அதே மேசையில் உட்கார்ந்து எடுப்பார்.

முப்பத்து மூன்றாவது வயதில், பிரசவ லீவில் போன ஒரு பெண்ணுக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு என்று வந்தவள். போன பெண் திரும்பி வரவில்லை. பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. மெக்கானிக் போய்ச் சேர அரை மணி ஆகலாம், அதுவரை மாட்டிக்கொண்டவரை அந்தப் பெட்டிக்குள் தாக்குப்பிடிக்க வைப்பது ஒரு குரல்தான் என்பதை முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டாள். 'பயப்படாதீங்க' என்று மட்டும் சொல்லவே மாட்டாள். அந்த வார்த்தையைக் கேட்டபிறகுதான் பலருக்குப் பயமே வரும் என்பது அவள் அனுபவம். எந்த மாடிக்குப் போகிறீர்கள், அங்கே யாரைப் பார்க்க, அவர் எப்படிப்பட்டவர் என்று வம்பு கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டு போவாள். மாட்டியவர் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்துவிடும்.

பொறுமை எல்லாம் லிஃப்டுக்குள் இருப்பவரிடம் மட்டும்தான். வெளியே நிற்பவர் யாராக இருந்தாலும், ஒரே கேள்வியை இரண்டாவது தடவை கேட்டால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆபீஸ் மாற்றும் வேலையிலோ எல்லோரும் ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டார்கள்.

கணக்கருக்கு வெளிச்சம் வேண்டும், ஆனால் வெயில் கூடாது, காற்று வேண்டும், ஆனால் காகிதம் பறக்கக் கூடாது. ஹெட் மெக்கானிக்குக்கு உதிரிப் பாக அலமாரி படிக்கட்டுக்குப் பக்கத்தில் வேண்டும். படிக்கட்டுக்குப் பக்கத்தில் சுவரே இல்லையே என்றால், "நீங்க நெனச்சா முடியும்க்கா" என்பார். முதலாளிக்கு அவர் அப்பா காலத்து மேசை வேண்டும். நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத மேசை அது. புது அறையில் அதைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும் என்று அக்கா அளந்து காட்டினாள். "பாதி திறந்தாப் போதும், நான் ஒல்லிதானே" என்றார் முதலாளி.

எந்த மேசை எங்கே என்று அக்கா ஸ்கேல் வைத்துப் படம் போட்டாள். முதலாளி மாற்றினார். திருத்திப் போட்டாள். மறுபடி மாற்றினார். நான்காவது படத்தை அவரே போட்டு எடுத்துவந்து அவள் முன்னால் விரித்தபோதுதான் அக்கா அதைக் கவனித்தாள். வாசலுக்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக, அவள் போனுக்கென்று விட்டுவைத்திருந்த இடத்தில் கணக்கர் இருந்தார். அவள் பேர் பின்பக்கத்து அறையில், ஃபைல் அடுக்குக்கு நடுவில் இருந்தது. போன் படத்திலேயே இல்லை.

"போன் எங்க சார்?"

"அதச் சொல்லணும்னே இருந்தேன்" என்றார் முதலாளி, சொல்வதாகவே இல்லாதவர் முகத்தோடு. "புது ஆபீஸ்ல ஒரு மெஷின் வெக்கப்போறோம். அதுவே எடுக்கும். சர்வீஸ்னா ஒண்ண அழுத்துங்க, அவசரம்னா ரெண்ட அழுத்துங்கன்னு சொல்லும். நேரா மெக்கானிக்குக்குப் போயிடும். உங்களுக்கும் தொல்லை இல்ல. நிம்மதியா ஃபைலப் பாக்கலாம்."

"லிஃப்டுல மாட்டிக்கிட்டவர்கிட்ட போயி ரெண்ட அழுத்துன்னா, அவர் ரெண்டாவது மாடி பொத்தான அழுத்துவார் சார்."

முதலாளி சிரித்தார். அவள் சொன்னதை நகைச்சுவைக் கணக்கில் எழுதிக்கொண்டார் போலிருக்கிறது. அக்கா விடவில்லை. அடுத்த இரண்டு வாரமும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "பாப்போம்க்கா, மொதல்ல போயிச் சேருவோம்" என்ற பதிலைத் தவிர வேறெதுவும் வரவில்லை. தன்னை ஓரங்கட்டும் ஓர் ஏற்பாட்டுக்குத் தானே அட்டைப்பெட்டி எண்ணிக் கயிறு வாங்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கக் குழந்தைகள் சத்தத்தில் கிடந்துவிட்டு வருபவருக்கு அமைதிதான் வரம்.

"போன் இல்லாத வேலையா? குடுத்து வெச்சவ நீ" என்றார்.

"நான் என்ன சொல்றேன், நீங்க என்ன சொல்றீங்க?"

"நல்லதுதானேம்மா சொன்னேன்" என்று அவர் விழித்தார். 

மெஷின் வருகிறதோ இல்லையோ, மாறும் நாளன்று போன் சாகக் கூடாது. அதை அவள் யாரையும் கேட்காமல் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். போன் கம்பெனிக்கு ஆறு தடவை பேசினாள். அதே எண்ணைப் புது இடத்துக்குத் தருவார்கள், ஆனால் லைன்மேன் மாற்றும்போது இருபது நிமிஷம் இணைப்பு இருக்காது. அந்த இருபது நிமிஷத்துக்கு அழைப்புகளைத் தன் மொபைலுக்குத் திருப்பிவிடச் சொன்னாள். முடியாது, இடமாற்ற விண்ணப்பம் கொடுத்த எண்ணில் வேறு வசதி எதுவும் சேர்க்க முடியாது என்றார்கள். அப்படியானால் விண்ணப்பத்தை நிறுத்திவைத்துவிட்டுச் சேருங்கள் என்றாள். நிறுத்த இன்னொரு விண்ணப்பம் போட வேண்டும் என்றார்கள். ரிசீவரை வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு இருநூற்றுப் பதினான்கு கட்டடங்களின் வாட்ச்மேன்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். வியாழக்கிழமை மூன்று மணியிலிருந்து இருபது நிமிஷம் லிஃப்ட் மேல் ஒரு கண் வையுங்கள், ஏதாவது என்றால் இந்த மொபைலுக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்ல நான்கு நாள் ஆயிற்று. "எங்க லிஃப்ட் நல்லாத்தானே இருக்கு?" என்று பாதிப் பேர் கேட்டார்கள். ஒருவர் கம்பெனியை மூடுகிறார்கள் என்று முடிவுகட்டி அவளுக்கு ஆறுதல் சொன்னார். இன்னொருவர் மொபைல் எண்ணை எழுதப் பேனா தேடிப் போனவர் திரும்பி வரவே இல்லை.

வியாழக்கிழமை வந்தது. திட்டம் அவள் கையெழுத்தில் சுவரில் ஒட்டியிருந்தது. காலையில் சாமான்கள் லாரியில் போகும். போனும், ஒரு ஸ்டூலும், இருநூற்றுப் பதினான்கு மெஷின் அறைச் சாவிகள் தொங்கும் பலகையும், அக்காவும் மட்டும் பழைய ஆபீஸில் இருப்பார்கள். மூன்று மணிக்கு லைன்மேன் வருவார். அதற்கப்புறம்தான் அவள் கிளம்புவாள்.

மின்விசிறிகளையும் விளக்குகளையும் முதல் நாளே கழற்றியிருந்தார்கள். மதியம் ஒன்றரை மணிக்கு ஹெட் மெக்கானிக்கும் அவருடைய ஆட்களும் கடைசியாக முதலாளியின் மேசையை, தெருவே வேடிக்கை பார்க்க, இறக்கி ஏற்றினார்கள். லாரி போயிற்று. ஆபீஸ் காலியாகி, இருமினால்கூட எதிரொலித்தது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். சர்வீஸ் கேட்பவர்களையும் சேர்த்தால் வியாழக்கிழமை மதியம் அரை மணிக்குள் இரண்டு அழைப்பாவது வரும். வரவில்லை. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஏனோ சந்தேகம் தட்டி ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தாள். சத்தமே இல்லை. சுவரோரம் இருந்த போன் பெட்டியில் எப்போதும் எரியும் பச்சை விளக்கு அணைந்திருந்தது.

படியிறங்கி ஓடி மெயின் சுவிட்சைப் பார்த்தாள். சுவிட்ச் கீழே இழுக்கப்பட்டு, அதில் சிவப்புப் பூட்டு தொங்கியது. பக்கத்தில் ஒரு பலகை: 'ஆட்கள் வேலை செய்கிறார்கள். போடாதே.'

வேறு யாரும் செய்யவில்லை, மேசையை இறக்கும்போது ஹெட் மெக்கானிக் கைப்பழக்கத்தில் போட்ட பூட்டுதான் அது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மெக்கானிக் லிஃப்டின் மேல் ஏறி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது யாரோ சுவிட்சைப் போட்டு, அவருக்குக் கால் முறிந்தது. அதிலிருந்து ஒரு விதி. வேலை இடத்தில் மெயினை அணைக்க வேண்டும், பூட்ட வேண்டும், சாவி பூட்டினவர் பையில் இருக்க வேண்டும். அது ஹெட் மெக்கானிக்கின் ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் பல்பு மாற்றினால்கூட மெயினுக்குப் பூட்டுப் போடுகிறார் என்று அவர் மனைவியே அக்காவிடம் குறைபட்டிருக்கிறாள்.

கீழே சைக்கிள் கடையில் சுத்தியல் கேட்டு ஒரே போடு போட்டிருக்கலாம். கை வரவில்லை. 'அடுத்தவர் போட்ட பூட்டை உடைப்பவர் அந்த நிமிடமே வேலையை விட்டுப் போகலாம்' என்று தடித்த எழுத்தில் டைப் அடித்துப் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கியவள் அவளேதான். தன்னையே திட்டிக்கொண்டாள். ஹெட் மெக்கானிக்கின் மொபைல் அடித்து அடித்து ஓய்ந்தது. முதலாளியின் மொபைல் பிஸியாகவே இருந்தது. செத்த போனுக்குக் காவல் இருந்து என்ன பயன் என்று, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு தெருவையும் அந்த வெயிலில் ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள்.

புதுக் கட்டடத்து வாசலில் லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. முதலாளியின் மேசை நடுத்தெருவில் இருந்தது. மூன்று வாகனங்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. உள்ளே, கட்டடத்து லிஃப்டின் கதவைப் பிரித்துப்போட்டு, ஹெட் மெக்கானிக்கும் இரண்டு பேரும் அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். அது வேறு கம்பெனி பராமரிக்கும் லிஃப்ட். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் கையைப் பிசைந்துகொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்ன பண்றீங்க இங்க?"

"மேல போகும்போது ஒரு கரகர சத்தம்க்கா" என்றார் ஹெட் மெக்கானிக், தலையை வெளியே எடுக்காமல். "கேட்டுட்டு சும்மா எப்படிப் போறது?"

"தம்பி, சாவி குடு."

"எந்தச் சாவி?"

"பழைய ஆபீஸ் மெயின்ல பூட்டு போட்டியே, அது."

"நான் போட்டேனா?"

"நீ போடாம உன் ஆவியா வந்து போட்டுச்சு? போன் பெட்டி கரண்ட்லதான்டா ஓடுது! அரை மணி நேரமா போன் செத்துக் கெடக்கு!"

ஐம்பதை நெருங்கும் மனுஷனை அவள் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு அது காதில்கூட ஏறவில்லை. பையைத் தொட்டுப் பார்த்தார், முகம் வெளுத்தது, டூல் பையை எடுத்துக்கொண்டு தன் பைக்கை நோக்கி ஓடினார். பின்னால் உட்கார்ந்து போகும்போது அக்கா வழிநெடுக அவரைத் திட்டிக்கொண்டே போனாள்.

பூட்டு திறந்தது. சுவிட்ச் ஏறியது. போன் பெட்டியில் விளக்குகள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், கண் சிமிட்டி விழித்தன. பச்சை நிலைத்த மறு நொடி போன் அடித்தது.

"பதினேழு தடவ!" ஓர் ஆணின் குரல், கீச்சென்று. "பதினேழு தடவ அழுத்துனேன்! யாருமே இல்லையா அங்க?"

பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. 

"தப்பு எங்க மேலதான். இப்ப நான் இருக்கேன், எங்கயும் போகமாட்டேன். பொத்தானுக்கு மேல தகட்டுல ஒரு நம்பர் இருக்கும், படிங்க."

"நூத்தி நாப்பத்தேழு."

அவள் வாய்விட்டு அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லும்போதே ஹெட் மெக்கானிக் பலகையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கிவிட்டார்.

"எந்த மாடிக்குப் போறீங்க?"

"நாலாவது. பல் புடுங்க."

"வலி எப்படி இருக்கு?"

"பயத்துல... வலி நின்னுபோச்சு."

"அப்ப டாக்டருக்குக் குடுக்கறத எங்களுக்குக் குடுத்துடுங்க" என்றாள். அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. அக்கா டாக்டரைப் பற்றிக் கேட்டாள், எந்தப் பல் என்று கேட்டாள். அப்போதுதான் வெயிலில் ஓடியது வேலையைக் காட்டியது. தொண்டை அடைத்து, இருமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் பாட்டில் ஜன்னலில் இருந்தது. போன் கம்பி அவ்வளவு தூரம் எட்டாது.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். "ஏன்க்கா, என் மேசைய நடுத்தெருவுல விட்டுட்டு எல்லாரும் எங்க..."

அக்கா ரிசீவரை அவர் கையில் திணித்தாள். "உள்ள மாட்டியிருக்கார். பேசுங்க. நிறுத்தாதீங்க."

"நானா?"

அவள் இருமிக்கொண்டே ஜன்னலுக்குப் போய்விட்டாள். முதலாளி தொண்டையைச் செருமினார். "வணக்கம். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு எங்கள் நிறுவனம் வருந்துகிறது" என்றார். வாடிக்கையாளர்களுக்கு அவர் அனுப்பும் கடிதத்தின் முதல் வரி அது. அதோடு தீர்ந்துபோனது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "என்னக்கா பேசறது?" என்றார். அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "அது... லிஃப்ட் எந்த மாடல் சார்?" என்று உள்ளே இருந்தவரைக் கேட்டார். பதில் என்ன வந்ததோ, முதலாளியின் நெற்றியில் வேர்வை பொடித்தது. ரிசீவரிலிருந்து அந்த மனுஷன் மூச்சு வாங்கும் சத்தம் அக்கா நின்ற இடம்வரை கேட்டது.

"உங்களத்தான் கேக்கறார்" என்று ரிசீவரை நீட்டினார். "மொதல்ல பேசுன அம்மாகிட்ட குடுங்கங்கறார். என்கூடப் பேசமாட்டாராம்."

அக்கா வாங்கி, விட்ட இடத்திலிருந்து, கடைவாய்ப் பல்லிலிருந்து தொடங்கினாள். முதலாளி போகவில்லை. உட்கார நாற்காலி இல்லாததால் இஸ்திரி போட்ட பேண்டோடு தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு லைன்மேன் வந்து, "இன்னும் நாலு எடம் போகணும் மேடம்" என்று அவசரப்பட்டார். அக்கா பார்த்த பார்வையில் அவரும் உட்கார்ந்துவிட்டார். மூன்று எட்டுக்கு அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தமும் ஹெட் மெக்கானிக்கின் குரலும் கேட்டன. பல்வலிக்காரர் நன்றி சொல்லவில்லை. கதவு திறந்தபிறகு யாருக்கும் போன் ஞாபகம் இருப்பதில்லை.



"தெனமும் இப்படியா?" என்றார் முதலாளி.

"வாரத்துக்கு ஏழெட்டு."

"அவர் எவ்வளவு நேரம் உள்ள இருந்தார்?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல. அதுல பாதி நேரம் நான் எடுக்கல" என்றாள். அவளுடைய தப்பு இல்லைதான், ஆனாலும் அந்தப் பதினேழு தடவை அவள் மனசை விட்டுப் போகாது.

"மெஷின் வேணாம்னு சொல்லிடறேன்க்கா. நீங்களே போன்ல இருங்க."

இரண்டு வாரமாக அவள் கேட்கத் தவித்த வார்த்தை. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

"நான் தொண்டத்தண்ணி வத்த வத்தச் சொன்னேனே சார். காலையில சொன்னேன், சாயந்தரம் சொன்னேன். பத்தொன்பது வருஷமா உங்க ரூமுக்கு வெளியிலதானே பேசிட்டிருந்தேன்? ஒரு தடவையாவது நின்னு கேட்டிருக்கீங்களா? யாரோ பல்வலிக்காரர் பொட்டிக்குள்ள கெடந்து அழுதாத்தான் உங்களுக்கு ஏறுமா?"

முதலாளி தலையை நிமிர்த்தவில்லை. லைன்மேன் ஜன்னல் வழியாக எதையோ மும்முரமாகப் பார்த்தார்.

"தப்புதான்க்கா" என்றார் கடைசியில். "உங்க மேசைய எங்க போடணும், சொல்லுங்க."

"வாசல் பக்கம். கூப்பிட்டாக் கீழ நிக்கற மெக்கானிக்குக் கேக்கணும்."

"அங்க கணக்கர் காலையிலயே பொட்டியெல்லாம் பிரிச்சு உக்காந்துட்டாரே. நீங்க கொஞ்சம் பதமா எடுத்துச் சொன்னீங்கன்னா..."

"மாட்டேன்" என்றாள் அக்கா. "பத்துப் பேருக்கும் எடம் சொல்லி, பத்துப் பேர்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டாச்சு. என் எடத்த அவருக்குக் குடுத்தது நீங்க. நீங்களே போய் எழுப்புங்க."

முதலாளி எழுந்தார், பேண்டைத் தட்டிவிட்டுக்கொண்டார், வாசல்வரை போய் அவள் மனசு மாறுமா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார்.